ஸ்கோர் இறங்கிய வீடு

வீட்டுக் கடன் மேஜைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களிடம் இப்படி ஒருவர் கட்டாயம் வருவார். வீடு வாங்கி நாலைந்து மாதம் ஆகியிருக்கும். போனைத் திறந்து கையில் பிடித்தபடியே வருவார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். "ஒரு நாள்கூட லேட் பண்ணதில்ல, என் கிரெடிட் ஸ்கோர் ஏன் இறங்கிச்சு?" என்று கேட்பார். அதற்கு நீங்கள் சொல்லும் பதில் அவரோடு அவர் வீடு வரைக்கும் போகும். நான் ஒரு முறை யோசிக்காமல் ஒரு பதில் சொன்னேன். அது போய்ச் சேர்ந்த வீட்டில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சித்திரை மாதத்தை நினைத்தால் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

அப்போது நான் திருப்பதிக் கிளையில் இருந்தேன். வீடு சித்தூரில். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். முனிரத்தினம் வந்த அன்றைக்கு ஆடிட்டர்கள் கிளைக்குள் இருந்தார்கள். என் மேஜையில் கேட்ட ஃபைல், கேட்காத ஃபைல், கேட்டுத் திருப்பித் தந்த ஃபைல் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. 

முனிரத்தினம் நாகலாபுரம் பக்கத்துக்காரர். திருப்பதியில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். மனைவி சுகன்யா இங்கேயே ஒரு பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். இரண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்து, டிசம்பரில் ரேணிகுண்டா ரோட்டுப் பக்கம் ஒரு இரண்டு அறை ஃப்ளாட் வாங்கினார்கள். கடன் அவர் பேரில். கொடுத்தது நாங்கள்தான். பத்திரத்தில் கையெழுத்து வாங்கியது நான்தான்.

"மேடம், எழுநூத்தி எழுபத்தி நாலு இருந்திச்சு. இப்ப அறுநூத்தி எம்பத்தி ஆறு காட்டுது. நானும் தெனம் பாத்துக்கினே கீறேன், ஏற மாட்டேங்குது. இன்னா மேடம் இது?"

"இப்ப எதுக்கு ஸ்கோர் பார்க்கிறீங்க?"

அவர் ஓட்டுகிற வேனின் முதலாளிக்கு உடம்பு முடியவில்லையாம். வேனை விற்றுவிட்டு ஒதுங்கப் போகிறார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முனிரத்தினமே ஒரு வேன் வாங்கிவிட்டால், அந்த ரூட்டை அவருக்கே தருவதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். கூடவே இவருடைய வேலையும் போய்விடும். வேன் கடன் கேட்டு ஒரு நிதி நிறுவனத்துக்குப் போயிருக்கிறார். ஸ்கோரைப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரத்தில் ஒரு ஆடிட்டர் என்னைக் கூப்பிட்டார். நான் பாதி எழுந்து நின்றபடி முனிரத்தினத்தின் போனை எட்டிப் பார்த்தேன். எண்ணை மட்டும் பார்த்தேன். அதற்குக் கீழே விரலால் தள்ளினால் முழு ரிப்போர்ட்டும் இருந்தது. தள்ளவில்லை.

"இவ்வளவு இறங்கியிருக்குன்னா உங்க பேர்ல வேற ஏதாவது கடன் ஏறியிருக்கும். ஆதார், ஓ.டி.பி. எல்லாம் வீட்ல யார் கையில இருக்கோ? முதல்ல வீட்ல கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஆடிட்டரிடம் போய்விட்டேன்.

இவ்வளவுதான் நான் சொன்னது. இதில் பொய் ஒன்றும் இல்லை. அப்படியும் நடப்பது உண்டு. நம் வேலையில் பொய்யைவிட ஆபத்தானது இந்த மாதிரிப் பொதுவான உண்மைதான். அது யார் தலையில் போய் விழும் என்று நமக்குத் தெரியாது.

நாலாம் நாள் முனிரத்தினம் மறுபடி வந்தார். இந்த முறை சொல்லாமலே உட்கார்ந்தார்.

"கேட்டேன் மேடம்."

"என்ன கேட்டீங்க?"

"அவ தம்பி நகரியில ரெண்டு பவர்லூம் போட்டுக்கினு கீறான். போன வருசம் எங்கிட்ட கடன் கேட்டான், நான் இல்லன்னுட்டேன். என் ஆதாரு, பான் கார்டு எல்லாம் சுகன்யாதான் வச்சிக்கினு இருப்பா. நான் வண்டி ஓட்டும்போது போனும் சில நேரம் அவகிட்டதான் இருக்கும். அதான் கேட்டேன். எனக்குத் தெரியாம உன் தம்பிக்கு ஓ.டி.பி. குடுத்தியான்னு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. நான் ரெண்டாவது தடவ கேட்டேன். அதுக்கும் ஒண்ணும் சொல்லல. மூணாவது தடவ கொஞ்சம் சத்தமா கேட்டுட்டேன். பையை எடுத்துக்கினு நகரிக்குப் போயிட்டா. போன் பண்ணா எடுக்கல. எடுக்கலன்னா அப்ப உண்மைதான மேடம்? நீங்க பாத்துச் சொல்லுங்க, அந்தக் கடன் எங்க வாங்கினான்னு."

அப்போதுதான் நான் முழு ரிப்போர்ட்டையும் எடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து வரி வரியாகப் படித்தேன். மச்சான் கடன் எதுவும் அதில் இல்லை. தெரியாத ஒரு கணக்குக்கூட இல்லை. எல்லாமே அவர் செய்தவை, அல்லது அவருக்காக யாரோ செய்தவை.

வீட்டுக்காக அலைந்தபோது ஒரு ஏஜெண்ட் அவருடைய விண்ணப்பத்தை ஒரே வாரத்தில் ஐந்து இடங்களுக்கு அனுப்பியிருக்கிறான். ஐந்து இடத்திலும் அவர் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு, இந்த ஆள் பணத்துக்குப் பரபரக்கிறார் என்றுதான் அது தெரியும். அடுத்தது எங்கள் வீட்டுக் கடன். இதுவரை சின்னச் சின்னக் கடன் வாங்கி அடைத்த மனிதரின் கணக்கில் திடீரென்று இருபது வருஷத்துக்கு ஒரு பெரிய பாரம் ஏறியிருக்கிறது. அதைச் சுமக்க முடியும் என்று அவர் காட்டுவதற்கு இன்னும் நாள் ஆகவில்லை. மூன்றாவது, செலவைக் குறைக்கிறேன் என்று ஒன்பது வருஷமாக வைத்திருந்த ஒரு கிரெடிட் கார்டை மூடிவிட்டார். நல்ல பேர் எடுத்துக் கொடுத்த பழைய கணக்கு அதுதான். புதிதாக வாங்கிய கார்டிலோ கட்டில், ஃபேன், சமையலறை அலமாரி என்று வரம்பைத் தொடும் அளவுக்குச் செலவழித்திருந்தார்.

வீடு வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு இதெல்லாம் நடக்கும். இதில் தப்பு எதுவும் இல்லை. ஒழுங்காகத் தவணை கட்டி, கார்டுப் பாக்கியைக் குறைத்து, புதிதாக எங்கும் விண்ணப்பிக்காமல் இருந்தால் சில மாதங்களில் தானாக ஏறிவிடும். அவர் முதல் நாள் கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

ஆனால் நாலாவது பக்கத்தில் இன்னொன்று இருந்தது. எங்கள் கடனின் முதல் தவணை, ஒரு மாதத்துக்கு மேல் தாமதம் என்று போட்டிருந்தது.

"ஜனவரியில தவணை கட்டலையா?"

"அக்கவுண்ட்ல பணம் இருந்திச்சே மேடம். ஜனவரியில எடுக்கல. பிப்ரவரியில ரெண்டு தவணையா எடுத்தீங்க. பேங்க் வழக்கம் அப்படித்தான் போலன்னு உட்டுட்டேன்."

எழுந்து போய் அவருடைய ஃபைலை எடுத்தேன். உள்ளே ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. என் சக ஊழியர் ஒருவர் எழுதியது. தவணையைத் தானாகப் பிடிப்பதற்கான படிவத்தில் கணக்கு எண்ணைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள், கணினியில் ஏற்றும்போது இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன, திருத்தி இரண்டு தவணையும் பிடித்தாகிவிட்டது, தாமதப் பதிவை நீக்க எழுத வேண்டும் என்று இருந்தது. கணினியில் ஏற்றியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அந்தச் சீட்டு எழுதப்பட்ட வாரம் நான் அக்கா மகள் கல்யாணத்துக்காக லீவில் இருந்தேன். திரும்பி வந்த பிறகு அந்த ஃபைலைத் திறக்கவே இல்லை.

ஃபைலை மூடினேன். முனிரத்தினம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், கண்டுபுடிச்சிட்டீங்களா?"

இங்கே நான் இரண்டாவது தப்புச் செய்தேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். "நாளைக்கு வாங்க, முழுசாப் பார்த்துச் சொல்றேன்" என்றேன். எழுந்து போனார். மச்சான் மேல் சந்தேகத்தோடேயே போனார். தடுக்கக்கூடிய ஒரே ஆள் நான், தடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மேனேஜரிடம் போனேன். நல்ல மனிதர், தெலுங்குக்காரர், தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். ஃபைலைப் பார்த்தார்.

"இதி சின்ன விஷயம்மா. பதிவைத் திருத்தச் சொல்லி எழுதிடு. ஒரு மாசத்துல சரியாயிடும். அந்த ஆளுகிட்ட சிஸ்டம் ப்ராப்ளம்னு சொல்லு, போதும்."

"அவர் மனைவி வீட்டை விட்டுப் போயிட்டாங்க சார்."

"அதுக்கு நாம இன்னா பண்ண முடியும்? ரிப்போர்ட்டைச் சரி பண்றதுதான் நம்ம வேலை. ஆடிட் நடந்துக்கினு இருக்கு. நீயே போய் என் தப்புன்னு சொன்னா நாளைக்கு எழுத்துல புகார் வரும். ரிடயர்மெண்டுக்கு எத்தனை மாசம் இருக்கு உனக்கு?"

அவர் கேட்டது அக்கறையில்தான். பதினோரு மாதம் இருந்தது.

அன்றைக்குத் திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. காணிப்பாக்கம் கூட்டுரோடு வரைக்கும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன். கண்டக்டர், "கூச்சோண்டம்மா" என்று இரண்டு தரம் உட்காரச் சொன்னார். சிஸ்டம் ப்ராப்ளம் என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு வசதியான வார்த்தை. அதற்குக் கை இல்லை, பேர் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணிடம் போய், சிஸ்டத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று சொன்னால், அவள் புருஷனைச் சந்தேகப்பட வைத்தது யார் என்பது மட்டும் அப்படியே நிற்கும்.

மறுநாள் முனிரத்தினம் வந்ததும், அந்த மஞ்சள் சீட்டை அவர் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். எது தானாக இறங்கியது, எது என்னால் இறங்கியது என்று பிரித்துச் சொன்னேன். உங்கள் மச்சான் பேரில் ஒரு ரூபாய்கூட இல்லை என்றும் சொன்னேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போனை எடுத்து, திரையை அணைத்து, சட்டைப் பையில் போட்டார்.

"நீங்க சொன்னதாலதான மேடம் கேட்டேன்."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"ஆனா மூணு தடவ கேட்டது நானு." போன் இருந்த பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப அவகிட்ட போய் யாரு சொல்றது? நான் பண்ணா போனே எடுக்க மாட்டேங்குறா" என்றார்.

"நான் போறேன்" என்றேன். மேனேஜரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார், அப்புறம் மீற வேண்டியிருக்கும்.

இரண்டாம் சனிக்கிழமை விடுமுறை. சித்தூரிலிருந்து புத்தூர் போய், அங்கிருந்து நகரிக்கு வேறு பஸ் பிடித்தேன். வெயில் தார் ரோட்டில் நின்று எரிந்தது. வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தெரு முழுக்கத் தறிச் சத்தம்தான், அதில் கடைசி வீடு. முன்னறையில் இரண்டு பவர்லூமும் ஓடிக்கொண்டிருந்தன. சுகன்யாவின் தம்பி நூல் மாற்றிக்கொண்டிருந்தான். நான் பேங்கிலிருந்து வந்திருக்கிறேன் என்று கத்திச் சொன்னது பாதிதான் கேட்டிருக்கும். அவன் முகம் மாறிவிட்டது. தறியை நிறுத்தினான்.

"இன்னா, விசாரணைக்கு வந்தீங்களா? என் அக்கவுண்ட் பாஸ்புக்கு எல்லாம் காட்டட்டுமா?" என்று கேட்டான்.

"இல்லப்பா. தப்பு எங்களுது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

உள்ளேயிருந்து சுகன்யா வந்தாள். கடன் வாங்கிய நாளில் ஒரு முறை பார்த்தது. அன்றைக்குச் சிரித்த முகமாக இருந்தாள். இப்போது ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, எதிரில் சுவரில் சாய்ந்து நின்றாள். தினமும் காலை ரயிலில் இங்கிருந்தே திருப்பதிக்கு வேலைக்குப் போய்வருவதாக அவள் தம்பி சொன்னான்.

ரிப்போர்ட்டை விரித்து, ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஐந்து இடத்தில் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தது, மூடிய பழைய கார்டு, நிரம்பிய புதுக் கார்டு, புதிய பெரிய கடன். இதெல்லாம் வீடு வாங்கினால் நடப்பது என்றேன். அப்புறம் முதல் தவணையைக் காட்டி, இது என் கையால் நடந்தது என்றேன். இதில் எதையும் படிக்காமல் வீட்ல கேளுங்க என்று சொன்னதும் நான்தான் என்றேன்.

அவள் தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள். 

"எங்க லேபுல ஒரு நம்பர் ஏறுமாறா வந்தா, ஒடனே பேஷண்டுகிட்ட சொல்ல மாட்டோம் மேடம். மறுபடி ஒரு தடவ ஓட்டிப் பாப்போம். சாம்பிள் மாறிப்போச்சா, மிஷின் சரியா கீதான்னு பாப்போம். அதுக்கப்புறம்தான் சொல்வோம். ஏன்னா சொல்லிட்டா, அந்த ஆளு அத்தோட வீட்டுக்குப் போயிடுவாரு."

முப்பத்து நாலு வருஷ வேலையில் எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் இவ்வளவு தெளிவாக எனக்கு இதைச் சொன்னதில்லை.

"இதெல்லாம் எப்ப சரியாகும்?"

"எங்க தப்பு ஒரு மாசத்துல அழிஞ்சிடும். கார்டுப் பாக்கியைக் குறைச்சா ரெண்டு மூணு மாசத்துல கொஞ்சம் ஏறும். மத்தது போகப் போக ஏறும்."

"சரி." தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "ஒம்பது வருசமா கூட இருக்கறவளைப் பாத்து, திருடிக் குடுத்தியான்னு மூணு தடவ கேட்டாரே மேடம். அது எத்தினி மாசத்துல அழியும்?"

அவள் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நான் தண்ணீர் கேட்டேன். தாகம் இல்லை, சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. சோறு துன்னுட்டுப் போங்க என்று அவள் அம்மா உள்ளேயிருந்து வந்து சொன்னார். நான் மறுத்தும் விடவில்லை. சாப்பிட்டேன். கிளம்பும்போது சுகன்யா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தாள். அவரிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். உங்க தப்பை நீங்க வந்து சொல்லிட்டீங்க. அவரோடதை அவருதான் வந்து சொல்லணும்."

திங்கட்கிழமை முனிரத்தினத்திடம் அதை அப்படியே சொன்னேன். அன்றைக்கே வேன் ட்ரிப் முடிந்ததும் நகரிக்குப் போனார். அவள் வரவில்லை. மறுநாளும் போனார். வாரம் முழுக்கப் போய்க்கொண்டிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் சுகன்யா தன் ஃப்ளாட்டுக்குத் திரும்பி வந்தாள்.

தாமதப் பதிவு எங்கள் பிழை என்று கடிதம் எழுதி மேனேஜரிடம் நீட்டினேன். சிஸ்டம் என்ற வார்த்தையை அதில் போடவில்லை. அவர் படித்துப் பார்த்துவிட்டு, என்னையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆடிட்டர்களிடமும் நானே சொன்னேன். என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். பணிப் பதிவேட்டில் ஒரு எச்சரிக்கை ஏறியது. ஓய்வு பெறும்போதும் அது அங்கேதான் இருந்தது. ஏஜெண்டிடமிருந்து வரும் விண்ணப்பங்களில், அவன் வேறு எங்கெங்கே அனுப்பியிருக்கிறான் என்று வாடிக்கையாளரையே கூப்பிட்டுக் கேட்கும் வழக்கமும் அன்றிலிருந்து எங்கள் கிளையில் வந்தது.

பள்ளிக்கூடம் திறக்கும் நாள் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. முனிரத்தினத்தின் முதலாளி, பழைய வேனை இரண்டு மாதம் வாடகைக்குத் தர ஒத்துக்கொண்டார். லாபமே இல்லாமல் அந்த இரண்டு மாதமும் ஓட்டினார். ரூட் கையில் நின்றது. புதுக் கார்டுப் பாக்கியை சுகன்யா தன் சீட்டுப் பணத்தைப் போட்டுப் பாதியாகக் குறைத்தாள். ஆடி மாதத்தில் ஸ்கோர் எழுநூற்று முப்பத்தொன்றுக்கு வந்தது. பழைய எழுநூற்று எழுபத்து நாலு இல்லை. அதற்கு இன்னும் நாள் ஆகும் என்றேன். முனிரத்தினம், "நான் இப்பல்லாம் தெனம் பாக்கறதில்ல மேடம்" என்றார். 

வேன் கடனை எங்கள் கிளையிலேயே கொடுத்தோம். இந்த முறை இரண்டு பேர் பேரிலும். இருவரும் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தார்கள். பத்திரங்களை நீட்டி, எங்கெங்கே கையெழுத்து என்று பென்சிலால் குறித்திருந்ததைக் காட்டினேன். எல்லாரும் நேராக அந்தக் குறிக்குத்தான் போவார்கள். சுகன்யா முதல் பக்கத்தை எடுத்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

பின்னால் வரிசை நீண்டது. யாரோ கடிகாரத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். எனக்கே கால் தரையில் நிற்கவில்லை. இன்னும் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஆனாலும் அவளை அவசரப்படுத்தவில்லை. அவள் ஒவ்வொரு பக்கமாகப் படித்து, இரண்டு இடத்தில் சந்தேகம் கேட்டு, ஒரு இடத்தில் என்னையே மறுபடி பார்க்கச் சொல்லிவிட்டு, கடைசியில் கையெழுத்துப் போட்டாள்.

பேனாவை முனிரத்தினத்திடம் நீட்டினேன். அவர் குறியைத் தேடிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"நீ படிக்கலையா?" என்று கேட்டாள் சுகன்யா.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்துக்குத் திரும்பினார். அவரால் வேகமாகப் படிக்க முடியாது. விரலை ஒவ்வொரு வரியின் கீழும் வைத்துக்கொண்டு படித்தார். அன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் என் மேஜையில் அந்த ஒரு கடன்தான் முடிந்தது.